கிடாய் வேட்டையில் என் வேலை

சிஞ்ஞோரா லவீனியா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு தண்ணீர்ப் பைப்பையும் திறந்துவிட்டார். அந்தச் சத்தம் இருந்தால் நாங்கள் கதைப்பது முன்னறையில் இருக்கும் அவருடைய அப்பாவுக்குக் கேட்காது.

“உமா, அப்பா ஸ்பெயினுக்குப் போகவேணும் எண்டு நிக்கிறார். சால்வோ பதிஞ்சு வைச்ச அந்த ஆட்டு வேட்டைக்கு.”

அவர் இத்தாலியனில் சொன்னதை நான் என் பாஷையில் எழுதுகிறேன். என் முழுப்பெயர் உமாசுதன். இந்த வீட்டில் பாதிப் பெயர் போதும். காலையில் பலெர்மோவின் ஒரேத்தோப் பக்கத்திலிருந்து நடந்து வந்து அவருடைய அப்பாவை எழுப்பி, குளிப்பாட்டி, சமைத்து, குளிசை கொடுத்து, பின்னேரம் வியா மக்வேதா தெருவில் கொஞ்சத் தூரம் நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து இருத்திவிட்டுப் போவேன். லவீனியா வேறு வீட்டில் இருக்கிறார், இரவில் அப்பா தனியத்தான். அப்பாவை எல்லோரும் புரொபெஸோரே என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவர். சால்வோ அவருடைய மகன், லவீனியாவின் தம்பி. போன மாரியில் பகேரியாப் பக்கம் மோட்டார்சைக்கிளில் போகும்போது விபத்தில் செத்துப்போனான்.

புரொபெஸோரே அழவில்லை. செத்த வீட்டிலும் அழவில்லை, பிறகும் அழவில்லை. கோப்பையை முன்னால் வைத்தால் சாப்பிடுவார். பாதியில் எடுத்தால் விட்டுவிடுவார், ஏன் எடுத்தாய் என்று கேட்கமாட்டார். அவர் பழைய வேட்டைக்காரர். செத்த வீடு முடிந்த கையோடு, துவக்கு அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தவரை லவீனியா கண்டார். “சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்” என்று சொன்னாராம். அடுத்த நாளே லவீனியா துவக்குகள் எல்லாவற்றையும் ஆயுதக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டார்.

“அங்கை துவக்கு குடுப்பினமே, சிஞ்ஞோரா,” என்றேன்.

“தெரியும். ஆனா அவர் இவ்வளவு காலமா ஒண்டும் கேக்கேல்லை, உமா. தண்ணிகூடக் கேக்கேல்லை. இப்ப இதைக் கேக்கிறார். நான் என்னெண்டு ஏலாது எண்டுறது?” பைப்பை இன்னும் கொஞ்சம் கூட்டினார். “ரெண்டு பேருக்குப் பதிஞ்சது. சால்வோவின்ரை இடத்தில நீர் போம். வழிகாட்டிக்கு ஒண்டும் சொல்லாதையும். சொன்னால் அவன் கூட்டிக்கொண்டு போகமாட்டான். துவக்கோட அவரைத் தனிய விடாதையும். அவ்வளவுதான் உம்மடை வேலை.”

வீட்டில் என் மனைவி நிரோசினிக்கு இதை விளங்கப்படுத்துவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஆடு சுடவோ? அதுக்கேன் ஸ்பெயினுக்கு? பல்லறோச் சந்தையில கேட்ட பக்கமா வெட்டித் தருவான்.”

“நான் சுடேல்லையப்பா. பக்கத்தில நிக்கிறதுதான்.”

“கந்தசஷ்டிக்கு மரக்கறி எண்டு எனக்கு வகுப்பெடுக்கிற ஆள், இப்ப ஆட்டுக்குப் பக்கத்தில நிக்கப் போறார். நிண்டு என்ன செய்வியள்?”

“அவர் தன்னைச் சுடாமப் பாக்கிறது.”

நிரோசினி கரண்டியைக் கீழே வைத்தாள். “அதை எப்பிடிப் பாக்கிறதெண்டு ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?”

“ஒருத்தரும் இல்லை.”

லவீனியா எனக்கு சால்வோவின் மலைச் சப்பாத்துகளைத் தந்தார். இரண்டு காலுறை போட்டால் அளவாக இருந்தன. விமான நிலையத்தில் புரொபெஸோரே அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “லேஸைக் கணுக்காலில ரெண்டு தரம் சுத்திக் கட்டு. இல்லாட்டி இறங்கேக்கை விரல் முட்டும்,” என்றார்.

நாங்கள் போன இடம் ஸ்பெயினின் தென்கிழக்கு. மரமில்லாத மலைகள். மழை எப்போதாவது பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்து மண்ணை அறுத்துக்கொண்டு போகுமாம். அப்படி அறுத்த பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஒரு நாலு மாடி வீட்டின் ஆழம் இருக்கும். பாலைவனம் என்றுதான் எங்கள் வழிகாட்டி இலாரியோ சொன்னான். கட்டையான, வெயிலில் காய்ந்த மனுசன். அவன் ஸ்பானிஷைச் சாவதானமாகக் கதைத்தால் எங்களுக்கு விளங்கும், எங்கள் இத்தாலியன் அவனுக்கு விளங்கும்.

அந்த ஆட்டுக்கு அங்கே அருயீ என்று பெயர். அவுதாத் என்றும் சொல்வார்கள். வெள்ளாடுமில்லை, செம்மறியுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வட ஆபிரிக்காவின் காய்ந்த மலைகளிலிருந்து வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது, இப்போது தானாகவே பெருகித் திரிகிறது. வேலி கிடையாது. இன்றைக்கு இந்தப் பள்ளத்தில், நாளைக்கு மூன்று மலை தள்ளி. வேட்டைக்காரன் துவக்கைத் தூக்கும் நேரம் மிகக் கொஞ்சம், மற்ற நேரமெல்லாம் இருந்து பார்ப்பதுதான். அந்தப் பார்வைக்கு ஒரு முறை இருக்கிறது.

சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி, எதிர்ச் சரிவைப் பார்த்து இருக்கவேண்டும். தொலைநோக்கியை முக்காலியில் பூட்டவேண்டும். கையில் பிடித்தால் மூச்சுக்கே ஆடும். பிறகு மலையை மனதுக்குள் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய், கொஞ்சம் கீழே இறங்கித் திரும்பி வரவேண்டும். நான் நிலம் துடைப்பதும் அப்படித்தான். கண் போன போக்கில் துடைத்தால் நடுவில் ஒரு துண்டு ஊத்தையாக நிற்கும். இன்னொன்று, ஆட்டைத் தேடக்கூடாது. அதன் நிறம் அந்த மண்ணின் நிறம், பயந்தால் கல்லைப் போல நின்றுவிடும். இலாரியோ படுக்கையான கோட்டைத் தேடச் சொன்னான். அந்தச் சரிவில் எல்லாமே மேலிருந்து கீழே ஓடுகிறது: வெடிப்பு, புல், மண் சரிந்த தடம். நிலத்துக்குச் சமாந்தரமாக ஒரு கோடு கிடந்தால் அது முதுகாக இருக்கலாம்.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. நான் வந்த வேலையை நினைத்தால் அது சரியில்லைத்தான், ஆனாலும் பிடித்திருந்தது.

காற்றைப் பற்றி புரொபெஸோரே சொன்னார். “விடியக் குளிர்காத்து பாரமா இருக்கும். தண்ணி மாதிரிப் பள்ளத்துக்குள்ள இறங்கும். வெயில் கல்லைச் சுடாக்கினாப் பிறகு அதே காத்து மேலை ஏறும். அதாலை விடியமுன்னம் கீழையிருந்து போகலாம், பிறகு மேலையிருந்துதான் போகவேணும். எங்கடை மணம் எப்பவும் எங்களுக்குப் பின்னால போகவேணும்.” சால்வோ செத்தபிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான கதை அது. குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. கரும்பலகையைப் பார்த்து வாசிப்பவர் போலச் சொன்னார்.

துவக்கு இலாரியோவுடையது. இரவில் அதை அவன் தன் வீட்டு இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்தான், அதனால் பகலை மட்டும் நான் பார்த்தால் போதும். எனக்குத் துவக்குப் பிடித்துப் பழக்கமில்லை. சத்தத்தைக் கேட்டு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்ல மட்டும் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் பழகியவன். ஆனால் இந்தத் துவக்கு எப்படி வேலை செய்கிறதென்று இலாரியோ காட்டியபோது கவனமாகப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு பிடி. அதை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் அறை திறக்கும். கீழே ஒரு சின்னப் பெட்டி, அதில் நாலு ரவை, அதாவது தோட்டா, அடுக்கலாம். பிடியை முன்னால் தள்ளினால் மேலே இருக்கும் ரவை அறைக்குள் போகும். சுட்டபிறகு இழுத்தால் வெறுங்கோது பறந்து விழ, அடுத்தது ஏறும். அதாவது ரவை இல்லாவிட்டால் அது ஒரு நீளமான இரும்பு, அவ்வளவுதான்.

“ரவையளை நான் வைச்சிருக்கிறன்,” என்று இலாரியோவுக்குச் சொன்னேன். “அவரின்ரை குளிசை, கண்ணாடி, தண்ணி எல்லாம் என்னட்டைத்தான். இதுவும் என்னட்டையே இருக்கட்டும்.”

இலாரியோ தோளைக் குலுக்கி ஒரு பிடி ரவையைத் தந்தான். “உன்னை மாதிரி ஒரு ஆள் எனக்கும் வேணும். என்ரை மனுசி நான் காற்சட்டையை எங்கை வைச்சனான் எண்டுகூடச் சொல்லமாட்டாள்.”

புரொபெஸோரே என்னைப் பார்த்தார். நான் ரவைகளைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன்.

முதல் நாள் மறிகளை, பெட்டை ஆடுகளை, மட்டும் கண்டோம். மறிக்கும் கொம்பு உண்டு என்பதால் தூரத்தில் ஏமாந்துபோகலாம். கிடாயின் கொம்பு அடியில் என் கெண்டைக்கால் அளவு தடிப்பு, பின்னால் வளைந்து உள்ளே திரும்பும். இன்னொரு அடையாளம் மயிர். தொண்டையிலிருந்து நெஞ்சு வழியாக இறங்கி முன்னங்கால் இரண்டிலும் காற்சட்டை போட்டதுபோலத் தொங்கும்.

அடுத்த நாள் காலையில் அப்படி ஒரு காற்சட்டை நடந்து வந்தது. இலாரியோதான் கண்டான். கிழட்டுக் கிடாய், தனியாக. நாங்கள் பள்ளத்தின் மேல் விளிம்பில் படுத்துக் கிடந்தோம், அது எதிர்ச் சரிவில் ஒரு கல்லின் நிழலிலிருந்து வெளியே வந்து நின்றது. காற்று எங்கள் முகத்தில் அடித்தது. இலாரியோ தோள்பையைப் புரொபெஸோரேக்கு முன்னால் தள்ளித் துவக்கை அதன்மேல் வைத்தான். தூரம் பார்த்துச் சொன்னான். பிறகு தன் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, திரும்பாமலே, “நிரப்பு,” என்றான்.

நான் பொத்தானைக் கழற்றி ஒரு ரவையை எடுத்துப் புரொபெஸோரேயின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் கை அப்படியே விரிந்தபடி நின்றது. நான் வேறு கொடுக்கவில்லை. வீட்டில் அப்படித்தான். குளிசைப் போத்தலை நான் ஒருநாளும் அவர் கையில் கொடுப்பதில்லை. ஒன்று கொடுப்பேன், விழுங்குவதைப் பார்ப்பேன், பிறகுதான் அடுத்தது. அவர் கையை மூடிக்கொண்டு, அந்த ஒன்றை அறைக்குள் போட்டுப் பிடியைத் தள்ளினார்.

இந்த மிருகத்தைச் சுடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நெஞ்சு மயிர் தொங்குவதால் உடம்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இதயம் நாங்கள் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. புரொபெஸோரேக்கு அது தெரியும். ஆனால் அவர் விசையை இழுத்த அதே நேரம் கிடாய் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. சத்தம் மூன்று பள்ளம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கிடாய் முதுகை வளைத்தது, விழவில்லை.

“பின்னால பட்டிட்டுது! திருப்பி அடியுங்கோ, திருப்பி!” இலாரியோ கத்தினான்.

புரொபெஸோரே பிடியை இழுத்தார். கோது பறந்தது. தள்ளினார். விசையை இழுத்தார். டிக் என்றது.

“திருப்பி!”

கிடாய் நொண்டிக்கொண்டு சரிவின் குறுக்கே போனது. அவசரப்படவில்லை. எல்லோருக்கும் தெரியக்கூடிய மாதிரிப் போனது. என் கை சட்டைப் பைமேல் இருந்தது. எடுக்கவேண்டும் என்று தெரியும், எடுக்கவில்லை. அது வளைவில் திரும்பிக் கீழ்ப் பள்ளத்துக்குள் மறைந்தது.

இலாரியோ துவக்கை வாங்கித் திறந்து வெறும் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “எத்தினை குடுத்தனீ?”

“ஒண்டு.”

“ஒண்டு! நீ என்ன பாதிரியோ, பூசையில அப்பம் மாதிரி ஆளுக்கு ஒண்டு நாக்கில வைக்க?” தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான். “வயித்தில காயத்தோட ஒரு சீவன் போகுது. சாக எவ்வளவு நேரமாகும் எண்டு தெரியுமோ உனக்கு? பொழுது படும்!”

புரொபெஸோரே துவக்கின் பக்கம் திரும்பாமல், “அவனை ஏசாதை. நான் ஒண்டுதான் கேட்டனான்,” என்றார். அது பொய்.

காயப்பட்டதை உடனே துரத்தக்கூடாதாம். துரத்தினால் ஓடும், விட்டால் கொஞ்சத் தூரத்தில் படுத்துவிடும். அதனால் இருந்தோம். இலாரியோ சிகரெட் பத்தினான், எங்கள் ஒருவருக்கும் நீட்டவில்லை. பிறகு திட்டத்தைச் சொன்னான். அவன் மேல் விளிம்பால் சுற்றிப் போய்ப் பள்ளத்தின் அடுத்த வாயை மறிப்பான். நாங்கள் இருவரும் கீழ்வழியால், மெல்ல, சத்தம் போடாமல் வரவேண்டும். “துவக்கு இவரிட்டை இருக்கட்டும். ரவையளைக் குடு. எல்லாத்தையும்,” என்று என் பையைக் காட்டினான்.

நான் ஓம் என்றேன். ஆனால் அவன் ஏறிப்போய் மறைந்த பிறகும் பொத்தானைக் கழற்றவில்லை. புரொபெஸோரேயும் கேட்கவில்லை. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். அவருக்கு முழங்கால் சரியில்லை. ஒவ்வொரு கல்லாகப் பார்த்து அவரை இறக்கினேன், குளியலறையில் இறக்குவதைப் போல.

கீழே குளிராக இருந்தது. இரண்டு பக்கமும் மண்சுவர், மேலே ஒரு துண்டு வானம். இரத்தம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சமாகத்தான் கிடந்தது. இங்கே ஒரு துளி, பிறகு ஒரு கல்லின் விளிம்பில் தேய்த்த தடம். இரண்டு தடத்துக்கு நடுவில் நான் நின்று கோடு பிடிப்பேன், அந்தக் கோட்டின் நேரே அடுத்ததைத் தேடுவேன். அதற்குள் அவரைத் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு வளைவில், சுவர் உள்ளே குடைந்த இடத்தில், கிடாய் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்ப முயன்றது. முன்கால் மட்டும் எழும்பி மடங்கியது. பிறகு எங்களையே பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கியது. வயிறு ஏறி இறங்கியது. நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில் இருந்தது. அதன் கண்மணி வட்டமில்லை, படுக்கையான ஒரு கோடு.

“ஒண்டு தா,” என்றார் புரொபெஸோரே.

“இலாரியோ வரட்டும்.”

“அவன் சுத்தி வர நேரமெடுக்கும். அடிச்சது நான். அது ஏன் பாத்துக்கொண்டு கிடக்கவேணும்?”

நான் சட்டைப் பையைக் கையால் மூடினேன்.

“லவீனியா சொன்னவளோ?”

“ஓம், புரொபெஸோரே.”

“அவள் கெட்டிக்காரி. தாயைப் போல.” கையை நீட்டிக்கொண்டே நின்றார். “உனக்குப் பயமா இருக்கோ?”

“ஓம்.”

“எனக்கும்தான்,” என்றார். அதையும் காற்றைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

கிடாய் ஒரு சத்தம் போட்டது. அதை ஆட்டின் சத்தம் என்று சொல்லமுடியாது. தொண்டைக்குள் ஏதோ ஈரமாக அசைந்தது. பொத்தானைக் கழற்றி ஒரு ரவையை அவர் கையில் வைத்தேன். அவர் அதை அறைக்குள் போட்டுப் பிடியைத் தள்ளிக் கீழே மடக்கினார். நான் பின்னால் போய், குளியலறையில் பிடிப்பதுபோல, அவருடைய பெல்ற்றை இறுக்கிப் பிடித்தேன்.

“கையை எடு. துவக்கு ஆடும்.”

உண்மைதான், ஆடியது. நான் பிடித்திருந்தால் அவர் திரும்பப் பிழையாகச் சுடுவார், கிடாய் திரும்பக் கிடக்கும். பிடிக்காவிட்டால் என்ன நடக்குமென்று தெரியாது. கையை எடுத்தேன். ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன்.

அவர் உடனே தூக்கவில்லை. குழாய் கீழே பார்த்தபடி, அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது. துவக்கின் சேஃப்டிப் பூட்டு வெடிக்க ஆயத்தமாக முன்னால் தள்ளியிருந்தது, அதைத் தள்ளும் சத்தத்தை நான் கேட்டிருந்தேன். அவர் கிடாயைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என் கால்களைப் பார்த்தார். சால்வோவின் சப்பாத்துகளை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பயம்கூட அந்த நேரம் தோன்றவில்லை. என் காதுக்குள் மட்டும் ஒரு இரைச்சல், குசினியில் பைப் திறந்துவிட்டதுபோல.

பிறகு அவர் திரும்பினார். அவ்வளவு கிட்டத்தில் துவக்கில் பூட்டிய தொலைநோக்கிக்குள் பார்த்தால் மயிர் மட்டும்தான் தெரியும், அதனால் குழாயின் பக்கவாட்டால் பார்த்தபடி துவக்கைத் தூக்கினார். சுட்டார். கிடாயின் தலை கல்லில் சாய்ந்தது.

பிடியை இழுத்துக் கோதை வெளியே போட்டார். வெறும் துவக்கை என்னிடம் தந்துவிட்டு நிலத்தில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

இலாரியோ வந்தபோது இன்னும் அப்படியே இருந்தோம். அவன் கொம்பின் வளையங்களை விரலால் தடவி எண்ணினான். ஒவ்வொரு வருசமும் கொம்பு கொஞ்ச நாள் வளராமல் நிற்கும், அந்த இடத்தில் ஒரு வெட்டு விழும். அதை எண்ணினால் வயது. “கிழவன்,” என்றான், “வாற கோடை தாண்டியிராது.” கோபம் போயிருந்தது. கிடாயின் நாக்கை உள்ளே தள்ளி, வாயைத் துடைத்து, கால்களை மடக்கிப் படத்துக்கு இருத்தினான். புரொபெஸோரேயைப் பின்னால் இருக்கச் சொன்னான்.

“சிரியுங்கோ, புரொபெஸோரே.”

“அது வராது. அப்பிடியே எடு.”

அப்படியே எடுத்தான். நான் மிச்ச ரவைகளை எடுத்து இலாரியோவின் கையில் கொட்டினேன். அவன் எண்ணிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு புரொபெஸோரே இருந்த விதத்தைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. “நேரத்துக்குச் சொல்லியிருக்கலாம் நீ,” என்று மெல்லச் சொன்னான்.

“சொன்னால் நீ கூட்டிக்கொண்டு வந்திருக்கமாட்டாய்.”

“வந்திருக்கமாட்டன்தான்.” துவக்கைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். மிச்ச நாட்களுக்கு அதை அலுமாரியிலிருந்து எடுக்கவில்லை. புரொபெஸோரேயும் கேட்கவில்லை.

பலெர்மோ விமான நிலையத்தில் லவீனியா நின்றார். தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். காருக்குள் “எப்பிடி, அப்பா?” என்று கேட்டார். “கிடாய் கிடைச்சது,” என்றார் அவர். லவீனியா வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இனிப் பயமில்லை என்று அவர் நினைத்தது தெரிந்தது.

பின்னேரம் ஊத்தை உடுப்புகளை மெஷினுக்குள் போட்டு, இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ஜாக்கெற்றைப் போட்டேன். நிரோசினி இடியப்பம் அவித்து வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். புரொபெஸோரே நடைவழியில், வாசல் கதவுக்கு முன்னால் நின்றார். வழக்கமாக நான் போவதை அவர் கவனிப்பதில்லை.

“உமா, அந்தப் பள்ளத்துக்குள்ள, நீ கையை எடுக்கேக்கை, நான் ஒரு முடிவும் எடுத்திருக்கேல்லை.”

“தெரியும், புரொபெஸோரே.”

“இப்பவும் எடுக்கேல்லை.” கதவின் கைப்பிடியைப் பார்த்தபடி சொன்னார். “எல்லாரும் அது முடிஞ்சுது எண்டு நினைக்கினம். முடியேல்லை. பகலில நீ நிக்கிறாய். இரவில இந்த வீட்டில தனிய இருக்க எனக்கு ஏலாது. லவீனியாவுக்குச் சொல்ல வெக்கமா இருக்கு. நீ சொல்லு.”

நான் ஜாக்கெற்றைக் கழற்றினேன். முதலில் நிரோசினிக்குப் போன் எடுத்தேன்.

“இண்டைக்கு வரேல்லை. இஞ்சை நிக்கவேணும்.”

“எத்தினை நாளைக்கு?”

“தெரியேல்லை.”

“மாத்துடுப்பு ஒண்டும் இல்லையே உங்களிட்டை. நான் கொண்டுவாறன். இடியப்பத்தையும் கொண்டுவாறன், அவரும் சாப்பிடட்டும். உறைப்பு வேண்டாம் எண்டால் சொதியோட சாப்பிடச் சொல்லுங்கோ.”

பிறகு லவீனியாவின் இலக்கத்தை அழுத்தினேன். புரொபெஸோரே என் பக்கத்திலேயே, வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், தன் இலக்கத்தைக் கூப்பிடும்வரை நிற்பவரைப் போல, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மணி அடித்தது. லவீனியா எடுத்தார். நான் ஒரு வசனம் சொன்னேன், இரவில் வீட்டில் தனிய இருக்க ஏலாது என்று புரொபெஸோரே சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல். அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு.

“அவரிட்டைக் குடும்,” என்றார் லவீனியா.

நான் போனை நீட்டினேன். புரொபெஸோரே அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

“நான்தான்,” என்றார். அதற்குப் பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.